‘தண்ணீர் வந்ததும் நாற்று விடுவோம்’: ஆங்கிலக் காலத் துணைவாக்கியமும் தமிழ் எச்சங்களும்

கொள்ளிடத்தின் வடகரையில், உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள தா.பழூர் ஒன்றியத்தில் நெல் பயிரிடுவோர் ‘தண்ணீர் வந்ததும் நாற்று விடுவோம்’ என்பார்கள். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை, பொன்னாற்று வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் வினை ‘வந்தது’ என்றே நிற்கிறது. இறந்தகால உருவில் சொன்ன எதிர்காலச் செய்தி அது. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை, இலக்கணப் பிழை என்று யாரும் திருத்துவதும் இல்லை. அதே ஊரின் பள்ளிப் பிள்ளைகள் இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வென் த வாட்டர் வில் கம்’ என்று தொடங்கினால் சிவப்பு மையில் கோடு விழுகிறது. ‘வென் த வாட்டர் கம்ஸ்’ என்பதே சரி. வரப்போகும் ஒன்றுக்கு நிகழ்கால வினை ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள் என்பது ஒன்று. தமிழில் யோசிப்பதால் வரும் பிழை இது, தமிழை மறந்துவிட்டு எழுது என்பது மற்றொன்று. இரண்டு விடைகளும் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதன்மை வாக்கியம் காலத்தைச் சொல்லிவிட்ட பிறகு துணைவாக்கியம் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்ற பொது நெறியிலிருந்து பிறந்தது இந்த ஆங்கில விதி. அந்த நெறியைத் தமிழ் ஆங்கிலத்தைவிட முழுமையாகக் கடைப்பிடிக்கிறது. ஆகவே இந்த விதியைக் கற்பிக்கத் தமிழே நல்ல தொடக்கம்.

முதலில் விதியின் எல்லையைச் சரியாக வகுத்துக்கொள்வோம். ‘வென்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ போன்ற இணைப்புச் சொற்களால் தொடங்கி, வேறொரு செயல் எப்போது நடக்கும் என்று காட்டும் துணைவாக்கியங்களில், செயல் இனிமேல் நடப்பதானாலும் ‘வில்’ வராது. எளிய நிகழ்காலம் வரும். செயல் முடிந்திருக்க வேண்டும் என்பதை அழுத்த விரும்பினால் ‘ஹேவ்’ சேர்த்த முடிவுற்ற நிகழ்காலம் வரும். ‘இஃப்’, ‘அன்லெஸ்’ என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்களுக்கும் பெரும்பாலும் இதுவே முறை. இந்திய மாணவர்களுக்கென்று எழுதப்பட்டுப் பல தலைமுறைகளாகப் பள்ளிகளில் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலும் இதைச் சொல்கிறது. விதியை யாரும் மறைக்கவில்லை. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை.

ஏன் என்பதற்கான முதல் சான்று ஆங்கிலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வினையின் உருவில் காட்டப்பட்ட காலங்கள் இரண்டு மட்டும்: இறந்தகாலம், இறவாக்காலம். இன்று நிகழ்காலம் என்று நாம் அழைக்கும் உருவமே நாளைய செயலையும் சுமந்தது. ‘வில்’ என்பது விரும்புதலைக் குறித்த வினையாகவும், ‘ஷல்’ என்பது கடன்பட்டிருத்தலை, செய்தாக வேண்டியிருத்தலைக் குறித்த வினையாகவும் இருந்தன. இவ்விரண்டும் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல எதிர்காலத்தைக் காட்டும் துணைவினைகளாகப் பழகின. ஓட்டோ எஸ்பர்சன் தொடங்கி 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் வரை, ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினையுருவம் கிடையாது என்று கருதும் அறிஞர் வரிசை ஒன்று உண்டு. அவர்கள் பார்வையில் ‘வில்’ என்பது கணிப்பு, உறுதி, விருப்பம் முதலியவற்றைச் சொல்லும் துணைவினை. அதன் வழியாகவே எதிர்காலம் புலப்படுகிறது. இப்படிப் பார்த்தால், ‘வென் த வாட்டர் கம்ஸ்’ என்ற தொடரில் எதிர்காலம் இருக்க வேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்து உட்காரவில்லை. இறவாக்கால வினை தன் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வரலாறு இங்கே நேர்க்கோட்டில் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘வென்’ என்று தொடங்கும் துணைவாக்கியங்களில் ‘ஷல்’ நிறையவே வருகிறது. பழைய பத்திரங்களிலும் சட்ட வாசகங்களிலும் ‘இஃப்’ பக்கத்தில் ‘ஷல்’ நிற்கும். அப்படியானால் இன்றைய விதி வெறும் நாகரிக மாற்றம்தானே என்று கேட்கலாம். ‘ஷல்’ அங்கே பெரிதும் நிகழாத ஒன்றின் நிச்சயமின்மையைக் காட்டும் பொருளில் நின்றது என்பதுதான் விடை. அந்தப் பொருள் தேய்ந்து ‘ஷல்’, ‘வில்’ இரண்டும் எதிர்காலக் குறிகளாக மட்டும் பார்க்கப்பட்டதும் துணைவாக்கியத்தில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மொழி வேலையில்லாத உறுப்பை மெல்ல உதிர்த்தது.

வேலை இல்லை என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். ஹான்ஸ் ரைகன்பாக் 1947-இல் எழுதிய தருக்க நூலில், வினைக்காலத்தைப் புரிந்துகொள்ளப் பேசும் நேரம், செயல் நடக்கும் நேரம் ஆகிய இரண்டும் போதா, நாம் எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரமும் வேண்டும் என்று காட்டினார். பெர்னார்ட் காம்ரி 1985-இல் வெளியிட்ட வினைக்காலம் பற்றிய நூலில் இதை வளர்த்து, பேசும் நேரத்தை வைத்து அளக்கும் காலம் ஒருவகை, இன்னொரு செயலை வைத்து அளக்கும் சார்புக் காலம் மற்றொருவகை என்று பல மொழிகளை ஒப்பிட்டு விளக்கினார். ‘நாற்று விடுவோம்’ என்ற முதன்மை வாக்கியம் நம்மை ஏற்கெனவே வருங்காலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அங்கே நின்று பார்த்தால் தண்ணீர் வருவது எதிர்காலம் இல்லை. அது அந்த நாளின் நிகழ்வு, அல்லது அதற்குச் சற்று முன் முடிந்தது. துணைவாக்கியம் சொல்ல வேண்டியது இரண்டு செயல்களில் எது முன், எது பின் என்பதை மட்டும். அதை ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற இணைப்புச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். பிறகு, முன் என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டால் போதும், சார்புக் காலம் என்றால் என்ன என்பது கண்முன் தெரியும். ‘அவர் வந்த பிறகு நேற்றே பணம் கொடுத்தேன்’, ‘அவர் வந்த பிறகு நாளைக்குப் பணம் கொடுப்பேன்’ ஆகிய இரண்டு வாக்கியங்களிலும் ‘வந்த’ மாறவில்லை. ‘வரும் பிறகு’ என்று யாரும் சொல்வதில்லை. முன் என்பதோ இதற்கு நேர்மாறு. ‘நேற்று அவர் வருவதற்கு முன் சாப்பிட்டேன்’ என்கிறோம். வந்து போனவரைப் பற்றிய பேச்சு, ஆனாலும் வினையில் எதிர்கால இடைநிலை நிற்கிறது. ‘வந்ததற்கு முன்’ என்பது காதுக்கு ஒவ்வாது. ‘பேருந்து வரும்வரை நின்றேன்’, ‘பேருந்து வரும்வரை நிற்பேன்’ என்பவற்றிலும் ‘வரும்’ அசையவில்லை. காலண்டர் எதைச் சொன்னாலும், முடிந்த செயலுக்கு இறந்தகால உருவம், முதன்மைச் செயலின்போது இன்னும் முடியாத செயலுக்கு ‘-உம்’ அல்லது எதிர்கால உருவம் என்பதே தமிழின் கணக்கு. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை ஆண்டவர்களின் காலத்தில் அறக்கொடைகளைச் ‘சந்திராதித்தவல்’ என்று எழுதிவைத்தார்கள். இன்றைய தமிழில் சூரிய சந்திரர் உள்ளவரை என்போம். முடிவில்லாத எதிர்காலத்துக்கு நீளும் வாக்குறுதி அது. அதில் வரும் ‘உள்ள’ என்ற குறிப்புப் பெயரெச்சத்தில் காலம் காட்டும் இடைநிலையே இல்லை.

இது இன்றைய மொழியியல் கண்டுபிடித்த செய்தி என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வினையியலில், செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இறந்தகாலத்துக்கு உரியதாயினும் எதிர்காலப் பொருளைப் பெறும் இடமும் உண்டு என்ற கருத்து தனி நூற்பாவாகவே இருக்கிறது. ‘நாளை உண்டு வருவேன்’ என்பதில் ‘உண்டு’ நேற்றைய உணவைக் குறிக்கவில்லை, நாளை வருவதற்கு முன் முடிந்துவிடும் உணவைக் குறிக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் வினையெச்ச வாய்பாடுகளைப் பன்னிரண்டாக எண்ணி, ஐந்து இறந்தகாலம், ஒன்று நிகழ்காலம், ஆறு எதிர்காலம் என்று பகுத்தார். இந்தப் பகுப்பில் காலம் என்பது பேசுகிறவரின் கடிகாரத்தைக் குறிக்க முடியாது. குறித்தால் ‘உண்டு வருவேன்’ பிழையாகிவிடும். எச்சம் எந்த வினைமுற்றைத் தழுவுகிறதோ அதை வைத்தே அதன் காலத்தை அளக்க வேண்டும். நிபந்தனை எச்சத்தின் வரலாறும் இதையே உறுதி செய்கிறது. நன்னூல் செயின் என்ற வாய்பாட்டை எதிர்காலப் பிரிவில் வைத்தது. மழை பெய்யின், அவர் வரின் என்ற அந்த உருவங்கள் பேச்சிலிருந்து விலகி, மழை பெய்தால், அவர் வந்தால் என்பவை இடம் பிடித்தன. புதிய உருவத்துக்குள் ‘பெய்த்-’, ‘வந்த்-’ என்ற இறந்தகால அடி இருக்கிறது. உருவம் மாறியும் பொருள் மாறவில்லை என்றால், எச்சத்துக்குள் இருக்கும் காலக்குறி எதை அளக்கிறது என்பதில் ஐயம் வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். தமிழ் இலக்கணத்தில் கால வழுவமைதி என்று ஒரு பகுதி இருப்பதால், ஆங்கில விதியை அதன்கீழ் அடக்கி விளக்க முற்படலாம். நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் முக்காலமும் மாறி வரலாம் என்கிறது. இன்னும் கிளம்பாதவர் ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைக் கண்டு, துளி விழும் முன்பே ‘மழை பெய்தது’ என்பதைத் தெளிவுக்குக் காட்டாகத் தொல்காப்பிய உரைகாரர்கள் சொன்னார்கள். இவை பேசுகிறவர் வேண்டுமென்றே செய்யும் மாற்றங்கள். அவற்றுக்கு இணை ஆங்கிலத்தில் வேறு இடத்தில் இருக்கிறது: நாளைக் காலை ரயில் புறப்படும் என்பதை ‘த ட்ரெய்ன் லீவ்ஸ் டுமாரோ’ என்று உறுதிபட நிகழ்காலத்தில் சொல்வது அந்த வகை. காலத் துணைவாக்கியத்தை இதனோடு சேர்த்து, நிச்சயம் நடக்கும் என்பதால் நிகழ்காலம் என்று விளக்குவது பிழை. ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்பதிலும் நிகழ்காலமே வருகிறது. மழை பெய்வது நிச்சயமாக இருந்தால் ‘இஃப்’ எதற்கு? தெளிவு இல்லாத இடத்திலும் இந்த உருவம் வருவதால், காரணம் பேசுகிறவரின் மனநிலையில் இல்லை, வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது.

தமிழ் இவ்வளவு துணை செய்யுமானால், தமிழ்ப் பிள்ளைகள் ஏன் ‘வென் ஹி வில் கம்’ என்று எழுதுகிறார்கள் என்பதே இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. இதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. தமிழில் ‘எப்போது வருவார்?’ என்ற வினாச்சொல்லும் ‘வரும்போது’, ‘வந்ததும்’ என்ற எச்சங்களும் வேறுவேறு. ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ‘வென்’ ஒன்றே. பள்ளியில் ‘வென்’ முதலில் வினாச்சொல்லாக அறிமுகமாகிறது. ‘வென் வில் ஹி கம்?’ என்று பழகிய பிள்ளை, அந்த ‘வில்’லைத் துணைவாக்கியத்துக்குள்ளும் கொண்டுபோகிறது. அடுத்த காரணம் ‘போது’ என்ற சொல்லின் போக்கு. ‘நாளை அவர் வந்தபோது சொல்வேன்’ என்று தமிழில் சொல்ல முடியாது, ‘வரும்போது’ என்றே சொல்ல வேண்டும். பிறகு, முன் என்பவை காட்டும் முழுமையான சார்புக் காலம் இங்கே இல்லை. ‘மழை வரும்’ என்று எதிர்கால முற்றாகவும் நிற்கும் அதே ‘வரும்’, பிள்ளையின் மனத்தில் ‘வில் கம்’ என்று மாறிவிடுகிறது. இந்த அளவுக்குத் தாய்மொழியின் சாயல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ‘நேற்று வரும்போது பார்த்தேன்’ என்றும் நாம் சொல்வதால், அந்த ‘வரும்’ எதிர்காலக் குறியே இல்லை என்பதைத் தமிழை வைத்தே காட்டிவிடலாம்.

மூன்றாவது காரணமே பெரியது. அது தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. எதிர்காலம் என்றால் ‘வில்’, ‘வில்’ என்றால் எதிர்காலம் என்று இரண்டையும் சமக்குறியால் இணைக்கும் அட்டவணையில் இருக்கிறது. ‘அப்பா தினமும் காலையில் டீ குடிப்பார்’ என்பதில் ‘குடிப்பார்’ எதிர்கால வினைமுற்று, ஆனால் பொருள் வழக்கம். தமிழின் எதிர்கால உருவம் இப்படி வழக்கத்தையும் இயல்பையும் சொல்லப் பயன்படுவதை 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அப்போதே கவனித்தார். ஆங்கிலம் அந்த வேலைக்கு நிகழ்காலத்தை வைத்திருக்கிறது. அட்டவணையை நம்பிய பிள்ளை ‘ஃபாதர் வில் டிரிங்க் டீ டெய்லி’ என்று எழுதுகிறது, ‘வென் ஹி வில் கம்’ என்றும் எழுதுகிறது. பார்வைக்குத் தொடர்பற்ற இந்த இரண்டு பிழைகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. இரண்டு மொழிகளும் இறவாக்காலம் என்ற பரப்பைக் கூறுபோடும் விதம் வேறு. வரப்பு ஓடும் இடம் தெரியாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டினால் பிழை தொடரும்.

இன்னொரு மறுப்பு, மற்ற மொழிகளைக் காட்டி எழும். பிரெஞ்சில் இத்தகைய துணைவாக்கியத்தில் எதிர்கால வினையே வரும். இத்தாலியத்திலும் அப்படித்தான். இலத்தீன் எதிர்காலத்தையோ முடிவுற்ற எதிர்காலத்தையோ பயன்படுத்தியது. ஸ்பானியம் இன்னும் நிகழாததைக் குறிக்கும் தனி வினையுருவை வைத்திருக்கிறது. அப்படியிருக்க, துணைவாக்கியத்துக்குக் காலக்குறி தேவையில்லை என்பதைப் பொது நெறி என்று எப்படிச் சொல்வது? தேவையில்லை என்பதற்கும் வரக்கூடாது என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே விடை. முதன்மை வாக்கியம் சொன்ன காலத்தைத் துணைவாக்கியமும் திரும்பச் சொல்வது ஒரு வழி, சொல்லாமல் விடுவது மற்றொரு வழி. பிரெஞ்சு முதல் வழியில் போகிறது. தமிழ் பெரும்பாலும் இரண்டாம் வழியில் போகிறது. ஆங்கிலம் வருங்காலச் செய்தியில் இரண்டாம் வழியையும் கடந்தகாலச் செய்தியில் முதல் வழியையும் பின்பற்றுகிறது. ‘பிஃபோர் ஹி கம்ஸ்’ என்று நாளையைச் சொல்லும் ஆங்கிலம், நேற்றைச் சொல்லும்போது ‘பிஃபோர் ஹி கேம்’ என்று மாறிவிடும். தமிழ் இரண்டு இடத்திலும் ‘வருவதற்கு முன்’ என்றே நிற்கும். தமிழ்ப் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டிய பாடம் இந்தக் கடந்தகால மாற்றம்தான். வருங்காலத்தில் அது ஏற்கெனவே ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது.

ஒப்பிட்டுக் கற்பிக்கும் இந்த முறை இம்மண்ணுக்குப் புதிதல்ல. இதே அரியலூர் மாவட்டத்தில், இதே கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியரான அவர், தமிழகம் வந்த பாதிரிமார் பேச்சுத் தமிழைக் கற்பதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-இல் இலத்தீனில் எழுதினார். 1738-இல் அது தரங்கம்பாடியில் அச்சானது. கற்கிறவர் அறிந்த மொழியில் நின்று அறியாத மொழியை விளக்குவது என்ற நெறி அதில் இருந்தது. ஐரோப்பியருக்குத் தமிழ் கற்பிக்க இலத்தீன் துணையாகலாம் என்றால், தா.பழூர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் ஏன் துணையாகக் கூடாது?

இந்திய ஆங்கிலம் தனக்கென்று இயல்பு கொண்டது, ஆகவே ‘வென் ஹி வில் கம்’ என்பதையும் ஏற்றுக்கொள்ளலாமே என்ற வாதமும் உண்டு. பிரஜ் கச்ரு போன்றவர்கள் இந்திய ஆங்கிலத்தைக் குறைபாடாகப் பார்க்காமல் ஒரு வகையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நல்ல பணி. சொல்வளம், உச்சரிப்பு, மரபுத்தொடர் ஆகியவற்றில் அதை மனமார ஏற்கலாம். ஆனால் இந்த இடத்தில் ‘வில்’ இருப்பதும் இல்லாததும் பொருளைப் பிரிக்கின்றன. ‘டெல் மீ வென் ஹி வில் கம்’ என்றால் அவர் எப்போது வருவார் என்று சொல் என்று பொருள். ‘டெல் மீ வென் ஹி கம்ஸ்’ என்றால் பெரும்பாலும் அவர் வந்ததும் சொல் என்று பொருள். ஒரு கேள்விக்கு விடை கேட்பதும், ஒரு நிகழ்வுக்குப் பின் தகவல் கேட்பதும் ஒன்றாகிவிட்டால் வேலையிடத்தில் வீண் குழப்பம் வரும். தமிழில் ஒருபோதும் குழம்பாத இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் இழக்கப் பிள்ளைகளைப் பழக்குவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

‘வில்’ சரியாக வரும் இடங்களும் இந்த விளக்கத்துக்குள் அடங்குகின்றன. ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்பதில் ‘வென்’ வினாச்சொல், எப்போது வருவார் என்பதே பொருள். ‘த டே வில் கம் வென் ஆல் வில் ரீட்’ என்பதில் துணைவாக்கியம் நாளுக்கு அடைமொழியாக நிற்கிறது, வேறொரு செயலின் நேரத்தைக் காட்டவில்லை. ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர்’ என்று பணிவாகச் சொல்லும்போது ‘வில்’ தன் பழைய பொருளான விருப்பத்துக்குத் திரும்புகிறது. தமிழில் இதைக் ‘காத்திருக்க முடியுமானால்’ என்று வேறு உருவில் சொல்வோம். தனித்தனியே பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வேண்டியவையாகத் தெரிந்த விதிவிலக்குகள், தமிழ் வாக்கியத்தை அருகில் வைத்ததும் தாமே பிரிந்து நிற்கின்றன.

பயிற்சியால் பழகிவிடும் ஒன்றுக்கு இவ்வளவு விளக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பயிற்சியே போதும். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் வகுப்பறையில் மட்டும் சந்திக்கும் ஊரகப் பிள்ளைக்கு ஆயிரம் முறை கேட்கும் வாய்ப்பு இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காரணம் தெரிவதே குறுக்குவழி. இதற்குப் புதிய நூலோ கருவியோ வேண்டாம். தமிழாசிரியர் எச்சம் நடத்தும் வாரத்தில் ஆங்கில ஆசிரியர் காலத் துணைவாக்கியம் நடத்தினால் போதும். ‘வந்ததும்’, ‘வந்த பிறகு’, ‘வருவதற்கு முன்’, ‘வரும்வரை’, ‘வந்தால்’ ஆகிய ஐந்து வடிவங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் நேற்று, நாளை என்ற சொற்களோடு சேர்த்துச் சொல்லச் செய்து, எந்த வினை மாறுகிறது, எது மாறவில்லை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைக்கலாம். எச்சத்தில் எதிர்காலத்தைத் தனியே சுமத்தத் தேவையில்லை என்பதை அவர்கள் தங்கள் பேச்சிலிருந்தே எடுத்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ‘எப்போது’ என்று தமிழில் கேட்க முடிகிற இடத்தில் மட்டும் ‘வென்’னோடு ‘வில்’ வரும் என்ற ஒற்றைச் சோதனை, பெரும்பாலான வாக்கியங்களைத் தீர்த்துவைக்கும்.

இந்த ஒரு விதி சிறியது. அதைக் கற்பிக்கும் முறையில் இருக்கும் பார்வை சிறியதல்ல. தாய்மொழியைத் தடை என்று சொல்லித் தொடங்கும் வகுப்பு, பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. தொல்காப்பியர் வகுத்துவைத்த ஒரு நுட்பத்தை நாள்தோறும் பிழையின்றிப் பேசும் பிள்ளைக்கு, வருங்காலத்தைக் காலக்குறி இல்லாமல் சொல்வது எப்படி என்று புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை தமிழில் அறிந்ததையே ஆங்கிலமும் செய்கிறது என்று எடுத்துக்காட்டுவதே ஆசிரியரின் வேலை. தமிழ் இலக்கணம் ஆங்கில வகுப்புக்குள் இப்படி நுழையும்போது இரண்டு பாடங்களும் பயன்பெறும்: ஆங்கில விதிக்குக் காரணம் கிடைக்கும், தேர்வுக்காக மட்டும் படிக்கப்படும் வினையெச்சத்துக்கு ஒரு பயன் கிடைக்கும்.